வேதாரண்யம் கரையோர விவசாய ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர்களைப் பற்றிய பக்கம் இது?

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தெற்குக் கரையைப் பற்றியது. வேளாங்கண்ணியைத் தாண்டி விழுந்தமாவடி, வேட்டைக்காரனிருப்பு, புஷ்பவனம் வழியாக வேதாரண்யம், கோடியக்கரை வரை நீளும் நிலம். அதை ஒட்டி உள்ளே கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம் போன்ற ஊர்கள். காவிரி நீர் பாயும் கடைசி வயல்கள் இங்கேதான் இருக்கின்றன. இந்த ஊர்களிலிருந்து வெளியூர் போய்விட்டவர்களின் பிள்ளைகளும், புதிதாக நிலம் வாங்க வருகிறவர்களும், வேதாரண்யம் வந்து போகும் பயணிகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கடற்கரை என்றால் மீனவர் ஊர்தானே? விவசாயம் எங்கே வந்தது?

ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், கோடியக்கரை ஆகிய இடங்களில் படகுகள் நிற்கின்றன. மீன்பிடித்தே வாழும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் கரையை விட்டுச் சற்று உள்ளே நடந்தாலே சவுக்குத் தோப்பும் மாந்தோப்பும் கடலைக் கொல்லையும் தொடங்கிவிடும். இன்னும் மேற்கே போனால் நெல் வயல்.

இந்த நிலத்தின் அமைப்பே அப்படி. கடல் மெல்ல மெல்லப் பின்வாங்கிய காலத்தில் விட்டுச்சென்ற பழைய கரைகள் மணல்மேடுகளாக வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. இரண்டு மேடுகளுக்கு நடுவே களிமண் பள்ளம். மேட்டில் வீடு, தோப்பு, பூக்கொல்லை. பள்ளத்தில் நெல். ஒரே குடும்பத்துக்கு மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம் என இரண்டும் இருந்தால் அந்தக் குடும்பம் ஒரு மோசமான ஆண்டைத் தாக்குப்பிடித்துவிடும். பள்ளம் மட்டும் உள்ளவர்கள் மழையும் ஆறும் கைவிட்டால் கூலி வேலைக்குத்தான் போக வேண்டும்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தண்ணீர் எப்படி உப்பில்லாமல் இருக்கிறது?

எல்லாக் கேள்விகளுக்கும் அடிப்படை இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மணல்மேட்டில் பெய்யும் மழை ஓடிப் போகாமல் அப்படியே உள்ளே இறங்குகிறது. மண்ணுக்கடியில் ஏற்கெனவே கடல் நீர் ஊறிக் கிடக்கிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு, எனவே அது கனமானது. நல்ல நீர் லேசானது. தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் இறங்கிய மழைநீர் உப்பு நீருக்கு மேலே ஒரு படலமாகத் தங்கிவிடுகிறது. மணலில் இரண்டும் அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. ஊருக்கே குடிக்கவும் பாய்ச்சவும் கிடைக்கும் நீர் இந்தப் படலத்திலிருந்து வருவதுதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிலத்தடி நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே அந்த ஒரு மீட்டர் இறங்கினால் கீழே 40 மீட்டர் போய்விடும். அதாவது மேலே நாம் சிறிது எடுத்தாலும் அடியில் உப்பு மிகப் பெரிய அளவில் ஏறி வருகிறது. ஒரே இடத்தில் ஆழ்குழாய் போட்டுப் பெரிய மோட்டாரை ஓடவிட்டால் அந்தக் குழாய்க்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக எழும்பும். ஒருமுறை உப்பேறிய குழாயை நிறுத்தி வைத்தாலும் பழைய நிலை திரும்பப் பல மழைக்காலம் ஆகும்.

முந்தைய தலைமுறை இந்தக் கணக்கை எழுதிப் பார்க்கவில்லை. ஆனால் அதன்படியே நடந்துகொண்டது. மணலில் ஆழம் குறைந்த குட்டைகளை வெட்டினார்கள். கொல்லைக்குக் கொல்லை ஒரு குட்டை. படியில் இறங்கிக் குடத்தில் மொண்டு, செடிக்குச் செடி ஊற்றினார்கள். மாலைக்குள் குட்டை வற்றும், விடிவதற்குள் மறுபடி ஊறும். ஊறிய அளவுக்குத்தான் எடுக்க முடியும் என்பதால் படலம் தப்பியது. இடுப்பொடியும் வேலை அது, அதைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். அந்தக் காலத்துக்கே திரும்பிப் போங்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். சிறிய மோட்டாரைக் குட்டையில் வைத்துக் குறைவாக இறைப்பது ஒன்று, ஆழத்தில் துளைத்து நாள் முழுவதும் உறிஞ்சுவது வேறொன்று. இரண்டாவதைச் செய்கிறவர் தம் நீரோடு பக்கத்துக் கொல்லைக்காரரின் நீரையும் சேர்த்தே கெடுக்கிறார். ஊர் கூடிப் பேச வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

மேட்டு நிலத்தில் என்னென்ன விளைகிறது?

மா, முந்திரி, தென்னை, சவுக்கு, நிலக்கடலை, புகையிலை, கத்தரி, மிளகாய், பூசணி. இவற்றோடு முல்லைப் பூ. வேதாரண்யம் சுற்றுவட்டாரத்தில் முல்லை ஒரு பெரிய பிழைப்பு. மொட்டு விரியும் முன்னே பறிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு எழுந்து கொல்லைக்குப் போகிறார்கள். பறித்த பூ அன்றே சந்தை சேர வேண்டும், மறுநாளைக்கு வைக்க முடியாது. முகூர்த்த நாளில் விலை ஏறும். பூ கொட்டிப் பூக்கும் மாதத்தில் பறிப்புக் கூலிக்கே போதாத விலைக்கு இறங்கும். இங்கே ஒரு வாசனைத் திரவியத் தொழிற்சாலை வேண்டும் என்று பூ விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். மிகவும் நியாயமான கோரிக்கை. விலை விழும் நாளில் பூவைக் குப்பையில் கொட்டும் நிலை மாறுவதற்கு அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பள்ளத்தில் ஏன் பெரும்பாலும் ஒரே போகம்? டெல்டா என்றால் முப்போகம் என்கிறார்களே?

முப்போகம் என்பது ஆற்றின் தலைப்பில் உள்ளவர்களின் கதை. இது கடைமடை, அதாவது ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் இடம்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது; அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த நீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. வெண்ணாறும் அதன் கிளைகளும் தஞ்சாவூர், திருவாரூர் வயல்களை நனைத்துவிட்டு மிச்சத்தோடு இங்கே வருகின்றன. கடைசி வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அந்த மிச்சமும் வராது. எனவே ஜூனில் தொடங்கும் குறுவையை நம்பி இறங்க இங்கே பலருக்குத் துணிவில்லை. ஆழ்குழாய் போட்டுக் குறுவை செய்யலாம் என்றால், மேலே சொன்ன உப்புக் கணக்கு குறுக்கே நிற்கிறது.

மிஞ்சுவது சம்பா. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் கொட்டுகிறது. அதை நம்பி ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் புழுதி உழவு செய்து நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். நாற்றங்கால் இல்லை, நடவுக் கூலி இல்லை, முதல் மழையிலேயே முளைத்துவிடும். மழை பிந்தினால் முளைத்தது காய்கிறது. மழை ஒரேயடியாகக் கொட்டினால் இளம்பயிர் நீருக்குள் மூழ்குகிறது. வடிகால்தான் இங்கே பாசன வாய்க்காலைவிட முக்கியம். ஆற்று நீருக்காகப் போராடும் அதே வேகத்தோடு வடிகால் தூர்வாருவதற்கும் குரல் கொடுக்க வேண்டும். இரண்டாவதைப் பற்றிக் கேட்கும் குரல் மிகக் குறைவாகவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வடிகால் ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் கதவணைகள் இருக்கின்றன. கடல் மட்டம் ஏறும் நேரத்தில் உப்பு நீர் ஆற்றுக்குள் ஏறாமல் தடுப்பதும், வெள்ளம் வரும்போது திறந்துவிடுவதும் அவற்றின் வேலை. கதவு துருப்பிடித்து இறங்காமல் போனால் கடல் நீர் மைல் கணக்கில் உள்ளே ஏறும். கதவு மேலே ஏறாமல் போனால் வெள்ளம் வயலிலேயே நிற்கும். ஒரு ஊரின் சம்பா பிழைப்பதும் சாவதும் பல நேரங்களில் அந்தக் கதவைத் திருப்பும் ஆளின் கையில் இருக்கிறது.

எந்த நெல் ரகம் ஏற்றது?

உப்பு லேசாக உள்ள வயலுக்குத் திருச்சி வேளாண் கல்லூரி வெளியிட்ட திருச்சி 1, திருச்சி 3 ரகங்கள் தாங்கும். நீர் தேங்கும் பள்ளத்துக்கு நீண்ட கால ரகமான சிஆர் 1009 பழக்கமானது; அதன் சப் 1 வகை, பயிர் சில நாள்கள் முழுவதும் மூழ்கிக் கிடந்தாலும் தப்பிவிடும். பாரம்பரிய ரகங்களில் களர்ப்பாளை, குழியடிச்சான் ஆகியவை உப்பைத் தாங்குபவை. இவற்றில் விளைச்சல் குறைவு என்பது உண்மை. ஆனால் உரச் செலவும் குறைவு, மாட்டுக்கு வைக்கோல் தாராளம். மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திப் பழைய விதைகளை விவசாயிகள் கையில் சேர்த்தார். விதையை வாங்கிச் செல்கிறவர் அடுத்த ஆண்டு இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. கடைமடைக்கு அது மிகப் பெரிய உதவி.

வயலில் உப்பு பூத்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உவர் வேறு, களர் வேறு. வைத்தியமும் வேறு.

உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம். காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசி சைமனுக்கு மேல் இருந்தால் அதை உவர் என்கிறார்கள். நெல் 3ஐத் தாண்டும்போதே சுணங்கத் தொடங்கும். இதற்கு மருந்து நல்ல நீர் மட்டும்தான். வரப்பை உயர்த்தி, மழைநீரை நிறுத்தி, மண்ணைக் கலக்கி, பிறகு வடித்துவிட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். பலர் நீரை நிறுத்துகிறார்கள், வடிப்பதில்லை. வெயிலில் அந்த நீர் வற்றும்போது கரைந்த உப்பு அத்தனையும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வடிகால் வாய்க்கால் வயலைவிடத் தாழ்வாக இல்லாத இடத்தில் இந்த முறையைத் தொடங்கவே வேண்டாம்.

களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமிலத் தன்மை (pH) 8.5க்கு மேல் போகும். ஈரத்தில் வழுக்கும், காய்ந்தால் கல்லாக இறுகும், நீர் உள்ளே இறங்காது. இங்கேதான் ஜிப்சம் தேவை. ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியத்தை நீரால் கழுவிவிட வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை சொல்லும். வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டுவது வீண் செலவு. உரக்கடையில் சொன்னார்கள் என்று மூட்டை மூட்டையாகக் கொட்டியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவானது தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடி. உப்பைத் தாங்கி வளரும், வேர் இறுகிய மண்ணைத் திறக்கும். பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். முற்றவிட்டால் தண்டு மட்காது. கோடையில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போட முடிந்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மந்தையோடு வரும் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவது டெல்டாவில் நெடுநாள் வழக்கம்.

2004 சுனாமியில் வயல்கள் என்ன ஆயின?

டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேர் அளவில் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இறந்தவர்களில் மிகப் பலர் மீனவக் குடும்பத்தினர், அதிலும் பெண்களும் குழந்தைகளும் அதிகம். அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் வயலைப் பற்றிப் பேசுவதற்கே அப்போது வாய் வரவில்லை.

ஆனாலும் வயலும் போயிருந்தது. கதிர் முற்றிக்கொண்டிருந்த சம்பாவின் மேல் கடல் நீர் ஏறியது. மணலும் சேறும் படிந்தன. கிணறுகளும் குட்டைகளும் உப்பாயின. இனி இந்த மண்ணில் பல ஆண்டுகளுக்கு எதுவும் முளைக்காது என்று அஞ்சியவர்கள் உண்டு. நடந்தது வேறு. மணல் கலந்த நிலமும், வடிகால் உள்ள நிலமும் அடுத்த மழைக்காலத்திலேயே பெருமளவு தெளிந்தன. படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்தார்கள், வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கினார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் நாகை வயல்களுக்கு வந்து பல வகை விதைகளைக் கலந்து விதைத்து மடக்கி உழும் முறையைப் பரவச் செய்தார்கள். வடிகால் இல்லாத பள்ளங்கள் மட்டும் நெடுநாள் இழுத்தன.

ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். நிவாரணத்தில் படகும் வலையும் கணக்கில் வந்தன, அது சரி. பட்டா உள்ளவருக்குப் பயிர் இழப்பு வந்தது, அதுவும் சரி. அந்த வயலில் கூலி வேலை செய்து வாழ்ந்தவர்களுக்கு இழப்பைக் காட்ட ஒரு காகிதமும் இருக்கவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் அவர்களே.

கஜா புயலுக்குப் பிறகு ஏன் இன்னும் மீளவில்லை என்கிறார்கள்?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நெல் விழுந்தால் அடுத்த ஆண்டு மறுபடி விதைக்கலாம். விழுந்தவை மரங்கள். தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். மாந்தோப்பு நிறைந்த விளைச்சலுக்கு வர அதைவிட அதிகம். தென்னை என்பது இங்கே மாதா மாதம் வரும் வருமானம். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தேங்காய்ப் பணத்தில் நடந்துகொண்டிருந்தன. வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே கூலி கொடுக்க வேண்டியிருந்தது. தாத்தா வைத்த மரங்களின் கீழ் வளர்ந்தவர்கள், தங்கள் நடுவயதில் கன்று நடத் தொடங்கினார்கள். இளைஞர்கள் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனது அந்த இடைவெளியில்தான்.

மறுபடி நடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தோப்பு முழுவதையும் தென்னையாக நிரப்ப வேண்டாம். கடல் பக்கம் சவுக்கும் பனையும் இருக்கட்டும். பனை அந்தப் புயலிலும் பெரும்பாலும் நின்றது.

உப்பளத்துக்கும் விவசாயிக்கும் என்ன தொடர்பு?

ஒரே ஆள்தான் இரண்டிலும் வேலை செய்கிறார். சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்ததும் வயலில் வேலை இல்லை. அதே நேரத்தில் அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் உப்பளங்களில் பாத்தி கட்டும் வேலை தொடங்குகிறது. மழை வரும் வரை உப்பு வாரலாம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்த பெரிய உப்பு உற்பத்தி இங்கேதான். கொதிக்கும் வெயிலில், கண் கூசும் வெள்ளையில், வெறுங்காலோடு செய்யும் வேலை அது.

1930இல் ராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பெடுத்துக் கைதானார். வரலாற்றுப் பாடத்தில் அது ஒரு வரி. ஊர்ப் பெரியவர்கள் சொல்வது வழியில் இருந்த மக்களைப் பற்றி. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அப்படியும் வழி நெடுகச் சோறு கிடைத்தது. மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பார்கள். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடும் செய்து, அதற்காகச் சிறை சென்று, சொத்தையும் இழந்தவர் வேதரத்தினம் பிள்ளை. மக்கள் அவரைச் சர்தார் என்று அழைத்தது அதனால்தான்.

இறால் பண்ணைகளால் விவசாயம் கெட்டதா?

கெட்டது. பண்ணைக்காக வயலைத் தோண்டி உப்பு நீரை நிரப்புகிறார்கள். அது பக்கவாட்டில் கசிந்து அடுத்த வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. பண்ணையை மூடிவிட்டாலும் அந்தக் குழியும் உப்பும் அங்கேயே கிடக்கும். 1990களில் இது பெருகியபோது நிலமற்றவர்களுக்காக உழைத்த லாஃப்டி அமைப்பின் ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராகப் போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த தொழில்முறைப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. பிறகு 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு செய்து நடத்தலாம் என்று வழிவகுத்தது. இன்றும் பண்ணைகள் இருக்கின்றன. பதிவு பெற்று, கழிவு நீரைச் சுத்தம் செய்து, நெல் வயலிலிருந்து தள்ளி நடத்துகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நெல் வயலையே குத்தகைக்கு எடுத்துக் குளமாக்கும் பண்ணை எந்த லாபத்தைக் காட்டினாலும் ஊருக்கு நட்டம்தான்.

வேளாண் மண்டலச் சட்டம் பாதுகாக்காதா?

2020இல் தமிழக அரசு நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் நாகப்பட்டினம் அடங்கும். புதிய எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டங்களையும் சில பெரிய ஆலைகளையும் அது தடுக்கிறது. ஆழ்குழாய் உப்பேறுவதையும் வாய்க்கால் தூர்வதையும் அது தொடவில்லை.

வயலில் வேலை செய்கிறவர் யார், நிலம் யாருடையது?

நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது, பூப் பறிப்பது, கடலை ஆய்வது, உப்பு வாருவதில் பாதி: இவை பெண்களின் வேலை. பட்டாவில் பெயர் ஆணுடையது. வங்கிக் கடன், பயிர்க் காப்பீடு, நிவாரணம் எல்லாம் பட்டாவைத் தேடிப் போவதால், வயலை நாள்தோறும் அறிந்தவர் கணக்கில் விவசாயி ஆவதில்லை. ஆண்கள் வெளியூர் போன வீடுகளில் விதைப்பிலிருந்து விற்பனை வரை பெண்ணே முடிவெடுக்கிறார். குறைந்தபட்சம் கூட்டுப் பட்டாவாவது எழுதி வையுங்கள் என்று இளம் தம்பதிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நிலம் பெரும் பண்ணைகளிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் குவிந்திருந்த மாவட்டம் இது. இதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஊரைப் பார்த்த பிறகுதான் ஜெகந்நாதன் தம்பதியர் கீழத்தஞ்சையிலேயே தங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களின் பெயரில், நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இறங்கினார்கள். இந்த ஊர்களின் பசுமையைப் படம் எடுக்க வருகிறவர்கள் கீழ்வெண்மணிக்கும் ஒருமுறை போய் வர வேண்டும்.

மா, வேலி என்று நிலத்தைச் சொல்கிறார்களே, எவ்வளவு?

மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். 20 மா ஒரு வேலி, அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ஒரு மா 100 குழி.

மானும் பன்றியும் பயிரை அழிக்குமா?

கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம், வெளிமான்களுக்காக அமைக்கப்பட்டது. மானால் வரும் சேதம் சரணாலயத்தை ஒட்டிய கொல்லைகளோடு நின்றுவிடும். காட்டுப்பன்றிதான் பெரிய தொல்லை. கடலைக் கொல்லையை ஓர் இரவில் கிளறிப் போட்டுவிடும். அனுமதியில்லாமல் மின்வேலி போடாதீர்கள், சட்டப்படி குற்றம், மனிதர்களும் இறக்கிறார்கள்.

நெல்லை எங்கே விற்கிறார்கள்? காப்பீடு கைகொடுக்கிறதா?

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கடற்கரைக் காற்றில் தை மாதப் பனியில் அந்த 17ஐத் தொடுவது பெரும்பாடு. களமும் கூரையும் இல்லாததால் சாலையிலேயே கொட்டிக் காயவைக்கிறார்கள். தை மாதத்தில் எதிர்பாராத மழை வந்தால் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்த நெல் முளைத்துவிடுகிறது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கூரையிட்ட களம் வேண்டும். கோடிக்கணக்கில் செலவாகும் திட்டங்களைவிட இதை முதலில் செய்யலாம்.

பயிர்க் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நில உரிமையைக் காட்டும் சிட்டாவும், என்ன பயிர் என்று காட்டி கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலும் வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காமல் விதைத்தவுடனே பதிவு செய்துவிடுங்கள். இழப்பைக் கணக்கிடுவது வருவாய்க் கிராமம் முழுவதற்குமான சராசரியை வைத்து. உங்கள் பள்ளம் முழுவதும் மூழ்கிப் போய், ஊரின் மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால் பணம் வராமல் போகலாம். குத்தகைக்குச் செய்கிறவர் அடங்கலில் தம் பெயரைப் பதியச் செய்யாவிட்டால், வந்தாலும் நிலக்காரருக்கே போகும்.

இங்கே நிலம் வாங்கி விவசாயம் செய்ய நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

வைகாசியில் வாருங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும், எல்லா வயலும் பச்சையாக இருக்கும். கோடையின் உச்சத்தில் கிணற்று நீரை வாயில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக் கொல்லைகளிலும் கேட்டுக் குடித்துப் பாருங்கள். வரப்பில் உமரி என்ற உவர்நிலச் செடி முளைத்திருந்தால் அடியில் உப்பு இருக்கிறது. சுற்றிலும் எத்தனை ஆழ்குழாய்கள், எவ்வளவு தூரத்தில் இறால் குளம் என்று நடந்தே பாருங்கள். வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது, வழியில் யார் அடைத்திருக்கிறார்கள் என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள். அந்த வயலில் களையெடுக்கும் அம்மாவிடம் கேளுங்கள். 2004இலும் 2018இலும் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதையும் அவர் கையால் காட்டிவிடுவார்.

பத்திரத்தில் கோயில் நிலமா, மட நிலமா, குத்தகைதாரர் இருக்கிறாரா என்று பாருங்கள். குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவரை வெளியேற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம் நிலம் வாங்க வேண்டாம். மேடு, பள்ளம் இரண்டும் சேர்ந்து கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். வாங்கிய முதல் ஆண்டில் ஆழ்குழாய் போடாமல் ஒரு குட்டை வெட்டுங்கள்.